இதே நாளில் வானம்: டிசம்பர் 1

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. டிசம்பர் 1 என்பது கார்த்திகை மாதம் பாதி ஓடிய நாள். ஏரி நிரம்பியிருக்கும், கிணற்றில் நீர் ஏறியிருக்கும். சம்பா தூர் கட்டி முடிந்திருக்கும், முன்பட்டத்தில் நட்ட வயலில் கதிர் எட்டிப் பார்க்கும். ‘பெரிய மழை முடிந்தது, இனி தூறல்தான்’ என்று வடிகாலைக் கவனிக்காமல் விடுகிற நாளும் இதுதான். அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தத் தேதியின் பழைய பதிவுகள் காட்டுகின்றன.

2015: சென்னையில் ஒரே நாள் மழை

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அந்த ஆண்டு நவம்பரிலேயே வட தமிழகத்தில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. நவம்பர் 9 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அடுத்தடுத்த வாரங்களில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் விட்டுவிட்டுப் பெருமழை பெய்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் நவம்பர் மாதத்தில் வழக்கமாக 40 செ.மீ. அளவில்தான் மழை இருக்கும். அந்த நவம்பரில் பெய்தது 105 செ.மீ. 1918-க்குப் பின் அப்படி ஒரு நவம்பர் அங்கே வந்ததில்லை.

அதாவது டிசம்பர் 1 விடிந்தபோது மண்ணில் இனி ஒரு சொட்டு இறங்க இடமில்லை. ஏரிகள் எல்லாம் கலங்கல் வழிந்துகொண்டிருந்தன. தண்ணீர் தேங்கிய வயலில் மேலும் மழை விழுந்தால் என்ன ஆகும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விழுகிற மழை முழுவதும் அப்படியே ஓடத் தொடங்கும்.

அன்று முழுவதும் விடாமல் பெய்தது. மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவாகியிருந்தது. நுங்கம்பாக்கத்தில் டிசம்பர் மாதத்து ஒரு நாள் மழைக்கு அதற்கு முன் இருந்த பெரிய அளவு, 1901 டிசம்பர் 10 அன்று பெய்த 26 செ.மீ. நூறாண்டுக்கு மேல் நின்ற அந்த அளவு அன்று உடைந்தது.

இந்த அளவுகளைக் கவனித்தால் இன்னொன்று புரியும். நகரத்தின் நடுவில் இருக்கும் நுங்கம்பாக்கத்தைவிட, மேற்கிலும் தெற்கிலும் இருக்கும் ஏரிப் பகுதியில்தான் மழை அதிகம். நகரத்துக்கு வந்த வெள்ளம் பெரும்பாலும் நகரத்தில் பெய்த மழையால் வந்ததல்ல. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர், சோமங்கலம் பக்கத்து ஏரிகளும் காடு கழனிகளும் பிடிக்க முடியாமல் விட்ட நீர் அது.

ஏரியும் ஆறும்

அடையாறு பெரிய ஆறு அல்ல. சுமார் 42 கி.மீ. நீளம்தான். தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரே அதன் பிறப்பு. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வந்து சேரும். பிறகு மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வந்து, அடையாறு முகத்துவாரத்தில் கடலில் கலக்கும்.

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆழம் 24 அடி. அன்று நீர்வரத்து ஏற ஏற, திறப்பையும் படிப்படியாக ஏற்றினார்கள். இரவில் அது விநாடிக்கு 29,000 கன அடி ஆனது. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் விநாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். இதே வேகத்தில் திறந்தால், நிரம்பிய ஏரியே 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். வழியில் உள்ள மற்ற ஏரிகளின் உபரியும் இதோடு சேர்ந்தது.

நள்ளிரவில் ஆற்றின் இரு கரையிலும் தண்ணீர் ஏறியது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரம் முழுவதும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. மின்சாரமும் கைபேசியும் பல இடங்களில் செயலிழந்தன. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாததால், 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து, தெருக்களில் ஓட்டி மக்களை மீட்டார்கள். அந்தப் பருவமழையில் தமிழகத்தில் இறந்தவர்கள் 400 பேருக்கும் மேல்.

ஏரியை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமா என்ற வாதம் அன்றே தொடங்கியது. பெய்த மழையே வரலாறு காணாதது, திறப்பு விதிப்படியே நடந்தது என்றது அரசுத் தரப்பு. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, ஏரி நீர் வெளியேற்றத்தையும் நீர்நிலை ஆக்கிரமிப்புகளையும் குறை கூறியது. ஏரிப் பாசன விவசாயிக்கு இந்த வாதம் புதிதல்ல. நிரம்பிய ஏரியில் கலங்கல் பலகையை எப்போது எடுப்பது என்பதில் ஒவ்வோர் ஊரிலும் இதே சண்டை உண்டு. முன்னால் எடுத்தால், மழை நின்றுவிட்டால் கோடைக்கு நீர் இருக்காது. பின்னால் எடுத்தால் கரை உடையும். மேலே உள்ள ஏரியில் என்ன நிலவரம் என்று கேட்டறிந்து முடிவு செய்வதே இதற்கு வழி.

தியாகராய நகர்: ஏரி மேல் ஒரு ஊர்

சென்னைக்குத் துணி, நகை வாங்கப் போகிற யாருக்கும் தி.நகர் தெரியும். ஆனால் அது ஓர் ஏரி என்பது பலருக்குத் தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி பிறை நிலா போல வளைந்து கிடந்தது. சென்னையில் வீட்டுமனைத் தேவை பெருகியபோது, 1920-களில் மாம்பலம் பகுதியின் ஏரிக் கரையை உடைத்து நீரை வடித்துவிட்டு, நகரம் அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரை அதற்கு வைத்தார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் மிச்சம் இருந்த ஏரியும் பின்னர் தூர்ந்தது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரிப் பகுதியில்தான்.

ஏரி போனாலும் பெயர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருவுக்கு இன்றும் ‘லேக் வியூ’ சாலை என்று பெயர். நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட்’ சாலை, அதாவது ஏரிக்கரைச் சாலை, இருக்கிறது. பள்ளமும் போகவில்லை. வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தி.நகர் வழியாக நந்தனம் அருகே அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்தான் அந்தப் பள்ளத்துக்கு வடிகால். ஆற்றில் நீர் கரை தட்டி ஓடும்போது கால்வாய் நீர் ஆற்றுக்குள் இறங்காது, பின்னுக்குத் தள்ளும். டெல்டா விவசாயி இதை ஆண்டுதோறும் பார்க்கிறார். ஆறு நிறைந்து ஓடும் நாளில் வயல் வடிகால் வடியாமல் எதிர்த்து ஏறுவதும், தி.நகர் தெருவில் தண்ணீர் நிற்பதும் ஒரே காரணத்தால்தான். 2021 நவம்பர் 7 அன்று, ஆற்றில் 2015 போன்ற வெள்ளம் இல்லாதபோதும், தி.நகரில் நீர் நாள்கணக்கில் தேங்கியது. கால்வாய் ஒழுங்காக இல்லாவிட்டால் மழை மட்டுமே போதும் என்பதற்கு அது சான்று.

மயிலாப்பூர் வேறு மாதிரி. அதன் கடலோரப் பகுதி மணல் மேடு. மழை நின்றால் நீர் சீக்கிரம் கீழே இறங்கும். ஆனால் ஊருக்கு நடுவே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் உள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டு, நீர்ப்பாதையைச் சுருக்கிவிட்டார்கள். கால்வாயை ஒட்டிய தாழ்வான தெருக்களில் நீர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

களிமண் பள்ளம் நீரைப் பிடிக்கும், மணல் மேடு நீரை விடும். நிலம் வாங்கும்போது விவசாயி முதலில் பார்ப்பது இதைத்தான். ஊரை அமைத்தவர்கள் பார்க்காமல் விட்டதும் இதைத்தான். ஏரி உள்வாயிலோ ஓடைப் புறம்போக்கிலோ மனை விற்கிறார்கள் என்றால், அந்த ஊரில் மேலே இருக்கும் வயலுக்கும் கீழே இருக்கும் வீட்டுக்கும் ஒரு நாள் கேடு வரும்.

அதே தேதி, மற்ற ஆண்டுகளில்

2016: பெருவெள்ளம் கண்ட ஓராண்டு கழித்து, அதே டிசம்பர் 1 அன்று, ‘நடா’ புயல் வங்கக் கடலில் வலுவிழந்தபடி காரைக்கால் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாள் அதிகாலை பெரிய மழை தராமலே கரை கடந்தது. டிசம்பர் 12 அன்று ‘வர்தா’ புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்துப் போனதே தவிர, மழைக் குறையைத் தீர்க்கவில்லை. அந்தப் பருவத்தில் தமிழகத்துக்குச் சராசரியாக 44 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 17 செ.மீ. கூட வரவில்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு டிசம்பரில் மூழ்கிய நிலம், அடுத்த டிசம்பரில் காய்ந்தது.

2017: நவம்பர் 30 அன்று கன்னியாகுமரி அருகே கடந்த ‘ஒக்கி’, டிசம்பர் 1 அன்று அரபிக் கடலில் மேலும் வலுவடைந்து லட்சத்தீவை நோக்கிப் போனது. குமரி மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை.

2019: டிசம்பர் 2 விடியும் முன், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் தொடர்மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் வீடுகள் மேல் இடிந்து 17 பேர் இறந்தார்கள். நனைந்து ஊறிய சுவர் அருகே ஆளையும் மாட்டையும் படுக்க வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான பாடம் வேண்டாம்.

2020: டிசம்பர் 1 மாலை ‘புரெவி’ புயலாக மாறியது. மறுநாள் இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. கரைக்கே வராத அந்தப் புயலால் கொள்ளிடம், சிதம்பரம் பகுதிகளில் வயல்கள் மூழ்கின.

2023: டிசம்பர் 1 அன்று வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இரண்டே நாளில் ‘மிக்ஜாம்’ புயலானது. டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னை மீண்டும் மூழ்கியது. கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. புயல் எங்கே கரை கடக்கிறது என்பது வேறு, மழை எங்கே கொட்டுகிறது என்பது வேறு.

2024: டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ‘ஃபெஞ்சல்’ புயல் அங்கேயே நின்றுவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மறுநாள் காலைக் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அன்று பின்னிரவில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. கரையோர விழுப்புரம், கடலூர் கிராமங்களில் தூக்கத்திலிருந்து எழுந்தவர்களின் முற்றத்தில் ஆறு நின்றது.

2015-ல் அடையாற்றில் நடந்தது 2024-ல் தென்பெண்ணையில் நடந்தது. முன்னதில் நகர வீடுகள், பின்னதில் வயல், மாடு, மோட்டார்.

பதிவில் ஒரு சூட்சுமம்

2015 மழையைச் சிலர் டிசம்பர் 1 மழை என்றும், சிலர் டிசம்பர் 2 மழை என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சரி. வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்க்கும். முந்தைய 24 மணி நேரம் பெய்தது, பார்த்த தேதியில் எழுதப்படும். எனவே டிசம்பர் 1 பகலும் இரவும் பெய்த மழை டிசம்பர் 2 கணக்கில் ஏறும். சேத விண்ணப்பத்தில் தேதி எழுதும்போது இந்த வேறுபாடு குழப்பம் தரலாம். ‘டிசம்பர் 1 காலை முதல் 2 காலை வரை’ என்று எழுதிவிடுவது நல்லது.

தாலுகா அலுவலக மழைமானி பத்து கி.மீ. தள்ளி இருக்கலாம். தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் 20 செ.மீ. வித்தியாசம் வந்தது போல, ஒரே ஒன்றியத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் வரும். எனவே வீட்டிலேயே அளப்பது நல்லது. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக, நேராக உள்ள டப்பா போதும். வெட்டவெளியில், மரமோ கட்டடமோ அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கும்படி, சாயாமல் வைக்கவும். காலை 8.30-க்கு ஸ்கேலை விட்டுப் பார்த்தால் எத்தனை செ.மீ. நீரோ அத்தனை செ.மீ. மழை. அடி குறுகிய வாளி உதவாது. அதுதான் இருக்கிறது என்றால் நீரை அளந்து கணக்குப் போடலாம். வாயின் குறுக்களவு 20 செ.மீ. இருந்தால், 314 மி.லி. நீருக்கு 1 செ.மீ. மழை.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. என்பது ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர் லாரி 200. ஒரு முழம் அகல வடிகாலில் இது ஒரு நாளில் வடியுமா என்று ஒவ்வொருவரும் தம் வயலை நினைத்துப் பார்க்கலாம்.

வாசகர் கேள்விகள்

*திண்டிவனம் பகுதி வாசகர்: நட்டு 40 நாளான சம்பா நெல் மூன்று நாள் நீரில் மூழ்கிக் கிடந்தது. காப்பாற்ற முடியுமா?*

முதலில் நீரை வடித்து, வேருக்குக் காற்று கிடைக்கச் செய்யவும். வடியும் முன் உரம் போட்டால் அது நீரோடு போகும். வடிந்த பின் சில குத்துகளைப் பிடுங்கிப் பார்க்கவும். நடுக்குருத்து உறுதியாக இருந்து, புதிய வெள்ளை வேர் தெரிந்தால் பயிர் பிழைக்கும். ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இடவும். இலை மஞ்சளாக இருந்தால் துத்தநாக சல்பேட் 1 கிலோ, யூரியா 2 கிலோ, 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். போன குத்துகளுக்குப் பதிலாக, அதே வயலில் நன்கு தூர் கட்டிய குத்துகளிலிருந்து பிரித்து நடவும்.

*மதுராந்தகம் பகுதி வாசகர்: இந்தத் தேதியில் இத்தனை முறை மழை வந்திருக்கிறதே. டிசம்பர் முதல் வாரம் மழை நிச்சயம் என்று வைத்துச் சாகுபடித் தேதியை மாற்றலாமா?*

தேதியை நம்ப வேண்டாம். 2015-க்கும் 2016-க்கும் உள்ள வித்தியாசமே பதில். 2015-ல் பசிபிக் கடலில் வலுவான எல் நினோ இருந்தது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையவும், வடகிழக்குப் பருவமழை கூடவும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது வாய்ப்புதான், உத்தரவாதம் அல்ல. பதிவுகள் சொல்வது ஒன்றுதான்: டிசம்பர் நடுப்பகுதி வரை வடிகாலைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் மூழ்கும் தாழ்வான வயலுக்கு சி.ஆர்.1009 சப்-1 போன்ற, மூழ்கலை இரண்டு வாரம் வரை தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சம்பா முற்றிலும் போய்விட்டால், கோ-51 போன்ற 105 முதல் 110 நாள் ரகத்தை நவரையில் நட்டு ஓரளவு ஈடு செய்யலாம்.

*விழுப்புரம் மாவட்ட வாசகர்: 2024 வெள்ளத்தில் பயிர் போனது. நிவாரணம், காப்பீடு இரண்டும் ஒன்றா? சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை.*

இரண்டும் வேறு. நிவாரணம் என்பது அரசு பேரிடர் நிதியிலிருந்து தருவது. சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். ஃபெஞ்சலுக்குப் பின் நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, மானாவாரிப் பயிர்களுக்கு ரூ.8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு ரூ.22,500 என்று அறிவிக்கப்பட்டது. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும்போது அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். குத்தகைக்குச் செய்பவர்கள் பலர் விடுபடுவது இங்கேதான். நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளவும்.

காப்பீடு என்பது பிரீமியம் கட்டியவருக்கு மட்டும். நிற்கும் நெல்லுக்கு இழப்பீடு பெரும்பாலும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைக்கும் மகசூலை வைத்தே முடிவாகும். எனவே பரிசோதனை நடக்கும் நாளில் ஊர் விவசாயிகள் உடன் இருப்பது நல்லது. அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் புயல் மழையில் நனைந்தால், அறுவடைக்குப் பின் 14 நாள் வரை தனியாகக் கணக்கெடுப்பு உண்டு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ, வேளாண் அலுவலகத்திலோ, வங்கியிலோ தெரிவிக்க வேண்டும். நான்காவது நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

*திருவள்ளூர் மாவட்ட வாசகி: ஏரியோ அணையோ திறக்கிறார்கள் என்றால் ‘இத்தனை ஆயிரம் கன அடி’ என்கிறார்கள். எங்களுக்கு அதில் என்ன தெரியும்? மாட்டை எப்போது அவிழ்ப்பது?*

எண்ணை மட்டும் கேட்டால் புரியாது. கடந்த முறை எத்தனை கன அடி வந்தபோது ஊரில் எதுவரை நீர் ஏறியது என்பதை ஒரு முறை குறித்து வைத்தால், அடுத்த முறை எண் பேசத் தொடங்கும். கோயில் சுவரிலோ பாலத்தூணிலோ பெயின்டால் கோடு போட்டு, தேதியும் கன அடியும் எழுதி வைக்கலாம். திறப்பு சில மணி நேரத்தில் இரண்டு, மூன்று மடங்காக ஏறுகிறது என்றால், இரவு வரை காத்திருக்க வேண்டாம். 2015-லும் 2024-லும் பெருவெள்ளம் வந்தது இருட்டில்.

முதல் அறிவிப்பிலேயே ஆற்றோர மோட்டாரைக் கழற்றவும், வைக்கோலை மேட்டுக்கு ஏற்றவும். இரண்டாவது அறிவிப்பில் மாடு, ஆடுகளை மேட்டுக்கு ஓட்டவும். ஓட்ட முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து விடவும். அவிழ்த்த மாடு நீந்திக் கரையேறும், கட்டிய மாட்டுக்கு அந்த வழி இல்லை. பட்டா நகல், அடங்கல், காப்பீட்டு ரசீது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஆளோடு எடுத்துச் செல்லவும். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கால்நடை மருத்துவ உதவிக்கு 1962, பயிர் ஆலோசனைக்கு உழவர் அழைப்பு மையம் 1800-180-1551.

*அடுத்த இதழில்: டிசம்பர் 12. வர்தா புயலில் எந்த மரம் சாய்ந்தது, எந்த மரம் நின்றது? வயல் வரப்பில் என்ன நடலாம்?*